மழைக்குப் பயந்த துப்பாக்கி

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், அபர்தீனுக்குப் பக்கத்தில் பெல்ஹெல்வி என்றொரு கிராமம். பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அங்கே பாதிரியாராக இருந்தவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத். அப்பா பிரசங்கம் செய்த அதே தேவாலயத்துக்கு மகனாக வந்து சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை போக மிச்சப் பொழுதில் அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று ரசாயனம், இன்னொன்று வாத்து வேட்டை. வேட்டையில் மட்டும் தோல்வி மேல் தோல்வி. அவர் குறியில் பழுதில்லை. குண்டு கிளம்பும் முன்பே வாத்துகளுக்குத் தகவல் போய்விட்டது.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு வாய் வழியாகத்தான் சாப்பாடு. குழல் வாயில் கரிமருந்தைக் கொட்டி, துணியோ காகிதமோ அடைத்து, ரவையைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்ற பெயரில் பிற்பாடு வயல்காட்டுக் காவலுக்கு நின்றதும், நரிக்குறவர் தோளில் தொங்கியதும் இந்தச் சாதிதான். குழலின் அடியில், பக்கவாட்டில், ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. அதற்குப் பற்றுவாய் என்று பெயர். பற்றுவாய்க்கு வெளியே ஒரு குட்டிக் கிண்ணி, அதில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால், குதிரை என்கிற சுத்தியல் கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி கிண்ணியில் விழும். கிண்ணி பற்றி, நெருப்பு துளை வழியாக உள்ளே நுழைந்து, அதற்கப்புறம்தான் வெடி. இத்தனை வீடு மாறி நெருப்பு போய்ச் சேர ஒரு கண்ணிமைப்பு நேரமாவது ஆகும். கிண்ணியிலிருந்து எழும் வெளிச்சத்தைப் பார்த்த வாத்து அந்த இமைப்பில் தண்ணீருக்குள் முங்கிவிடும். மானாக இருந்தால் ஒரே துள்ளல், புதர்தான் மிச்சம்.

ஃபோர்சைத் முதலில் கிண்ணிக்கு மேலே ஒரு முக்காடு போட்டுப் பார்த்தார். வெளிச்சம் மறைந்தது. கூடவே குறி பார்க்க வேண்டிய கோடும் மறைந்தது. மறைத்துப் பயனில்லை, அந்தச் சிட்டிகை நெருப்பையே ஒழிக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். நெருப்பில்லாமல் மருந்தைப் பற்றவைப்பது எப்படி?

விடை ஏற்கெனவே பிறந்திருந்தது. ஆனால் ஆளைக் கொல்லும் சரக்காகப் பிறந்திருந்தது. 1788-ல் பிரான்சின் எஸோன் மருந்தாலையில் பெர்தொலே என்ற ரசாயன மேதை, வெடியுப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரேட்டைப் போட்டுக் கரிமருந்து அரைக்கச் செய்தார். உரல் வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த ரசாயன அறிஞர் லவாய்சியரும் அவர் மனைவியும் தப்பியது தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன கதை. 1800-ல் லண்டனில் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபல்மினேட்டை உலகுக்குச் சொன்னார். தட்டினாலே வெடிக்கும் பொடி. அதைத் துப்பாக்கிக்குள் மருந்தாகப் போட்டுப் பார்த்தார், குழல் பிளந்தது. இந்தப் பொடிகள் துப்பாக்கிக்கு ஆகாது என்று அறிஞர்கள் கைகழுவினார்கள்.

கிராமத்துப் பாதிரியார் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். இது சாப்பாட்டுக்கு ஆகாதுதான், ஊறுகாய்க்கு ஆகுமே! குழலுக்குள் பழைய கரிமருந்தே இருக்கட்டும். கிண்ணியில் கல்லும் பொறியும் வேண்டாம், இந்தப் பொடியில் ஒரு துளி வைத்துக் குதிரையால் ஓர் அடி. அடித்த கணமே வெடி. வெளிச்சம் வெளியே தெரியாது, தாமதமும் இல்லை. பொடியைச் சேமிக்க அத்தர்க் குப்பி போன்ற ஒரு சுழலும் குடுவையைச் செய்து துப்பாக்கியின் பக்கத்தில் பொருத்தினார். வாத்துகளின் நல்ல காலம் முடிந்தது. பாதிரியாரின் கெட்ட காலம் தொடங்கியது.

1806-ல் அவர் அந்தத் துப்பாக்கியோடு லண்டன் போனார். ராணுவத் தளவாடங்களின் தலைவராக இருந்த மொய்ரா பிரபு, லண்டன் கோட்டைக்குள்ளேயே ஓர் அறை கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னார். அடுத்த ஆண்டே பதவி கைமாறியது. புதிதாக வந்தவர் சாதம் பிரபு. மூட்டை முடிச்சை மட்டுமல்ல, அந்தக் குப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார் என்பார்கள். நெப்போலியன் 20,000 பவுன் தருவதாக ஆள் அனுப்பினான், பாதிரியார் மறுத்துவிட்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. உண்மையோ இல்லையோ, அரசாங்கம் விரட்டிய கையோடு அவர் 1807 ஏப்ரலில் காப்புரிமை வாங்கி, பிக்காடிலியில் கடை போட்டார். பணக்கார வேட்டைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் அத்தர்க் குப்பியை மழையிலும் சேற்றிலும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பட்டாளத்துச் சிப்பாய்க்கு ஏற்ற வடிவம் கிடைக்க, ஓர் ஓவியர் வர வேண்டியிருந்தது.

ஜோஷுவா ஷா இயற்கைக் காட்சிகள் வரைந்து பிழைத்தவர். இங்கிலாந்தில் பிறந்து 1817-ல் பிலடெல்பியாவில் குடியேறியவர். பொடியைக் குப்பியில் வைப்பானேன், ஒவ்வொரு துளியையும் ஒரு சின்ன உலோகத் தொப்பிக்குள் ஒட்டிவிட்டால் என்ன? முதலில் எஃகு, பிறகு ஈயக் கலவை, கடைசியில் செம்பு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய செப்புத் தொப்பி. துப்பாக்கியின் பற்றுவாய் இருந்த இடத்தில் துளையிட்ட காம்பு ஒன்று எழுந்தது. காம்பின் தலையில் தொப்பியைக் கவிழ்த்துக் குதிரையால் அடித்தால் நெருப்பு நேரே உள்ளே போகும். தொப்பி இறுகக் கவிழ்ந்திருப்பதால் சொட்டுத் தண்ணீர் புகாது. இதை முதலில் நினைத்தவர் நானே என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஆளுக்கொரு துப்பாக்கி ஆசாரி கிளம்பினார். ஷா 1822-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டு, பல காலம் மல்லுக்கட்டி அமெரிக்க அரசிடமிருந்து 18,000 டாலர் பெற்றார்.

வேட்டைக்காரர்கள் நடுவே பெரிய வழக்கு மூண்டது. ஆயுசுக்கும் வைத்துக்கொள்ள எந்தத் துப்பாக்கி, கல்லா, தொப்பியா? கல்லை எங்கே வேண்டுமானாலும் பொறுக்கலாம், காட்டு நடுவில் தொப்பி தீர்ந்தால் துப்பாக்கி வெறும் தடி என்றது ஒரு கட்சி. மழையில் உன் கல்லும் தடிதான் என்றது மறு கட்சி. 1834-ல் உல்விச்சில் பிரிட்டிஷ் ராணுவம் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஆளுக்கு 6,000 முறை சுட்டுப் பார்த்தது. கல் 922 முறை ஏமாற்றியது. தொப்பி 36 முறை. இவ்வளவு வித்தியாசம் தெரிந்த பிறகும் அதிகாரிகள் கோப்பை மூடி வைத்து ஆற அமர யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோம்பலுக்கு விலை கொடுக்கப் போகிறவர்கள் அப்போது சென்னைப் பட்டாளத்தில் கவாத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

அபின் போருக்காகச் சீனாவுக்குக் கப்பலேற்றப்பட்டது 37-வது மதராஸ் காலாட்படை. 1841 மே 30. கேன்டன் நகருக்கு வடக்கே வயல்வெளியில் ஆயிரக்கணக்கில் கிராமத்தார் திரண்டுவிட்டார்கள். அவர்களை எதிர்கொண்டுவிட்டுப் படை திரும்பி வரும் வழியில் இடியும் மழையுமாக வானம் இடிந்து விழுந்தது. பத்தடி தள்ளி நிற்பவன் தெரியவில்லை. வரப்பு எது, வயல் எது என்று தெரியாமல் முழங்கால் தண்ணீரில் தடுமாறி, ஹாட்ஃபீல்டு என்ற லெப்டினன்டின் கம்பெனி, சுமார் அறுபது பேர், மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனது. அவர்கள் கையில் இருந்தது கல் துப்பாக்கி. கிண்ணி மருந்து களிமண்ணாகக் குழைந்துவிட்டது. விசையை இழுத்தால் டிக் என்ற சத்தம், அவ்வளவுதான்.

அறுபது பேரும் சதுரமாக முதுகோடு முதுகு சேர்ந்து நின்றார்கள். எதிரில் நீண்ட மூங்கிலில் கொக்கி கட்டிய ஈட்டிகள். கொக்கியை மாட்டிச் சதுரத்திலிருந்து ஆளை உருவினார்கள். சிப்பாய்களுக்குத் துப்பாக்கி முனைக் கத்தி மட்டுமே துணை. மழை சற்று விட்டபோது செய்ததுதான் இந்தக் கதையிலேயே என்னை நிறுத்திவைத்த இடம். உடம்பில் நனையாத துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, தலைப்பாகையின் உள்மடிப்பு. அதைக் கிழித்துக் குழலைத் துடைத்தார்கள். சில துப்பாக்கிகள் உயிர் பெற்றன. இரண்டு மூன்று வேட்டு. கூட்டம் பின்வாங்கியது. மறுபடி மழை. மறுபடி டிக்.

இருட்டிவிட்டது. கம்பெனி திரும்பாததைக் கண்ட தளபதி ஹ்யூ காஃப், தேட அனுப்பியது கடற்படை வீரர்களின் இரண்டு கம்பெனிகளை. அவர்களை அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் துப்பாக்கியில் செப்புத் தொப்பி. கொட்டுகிற மழையில் நின்று அவர்கள் சுட்டார்கள், ஒவ்வொன்றும் வெடித்தது. கூட்டம் கலைந்தது, சதுரம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஒரு சிப்பாய் இறந்திருந்தார், பலருக்குக் காயம். சீனர்கள் இன்றும் அந்தச் சண்டையைச் சான்யுவான்லி என்ற ஊர்ப்பெயரால் கொண்டாடுகிறார்கள். உல்விச்சின் 6,000 வேட்டுகள் சொல்லிப் புரியாதது, மதராஸ்காரர்களின் ஒரு மழை இரவில் புரிந்தது. கல்லின் காலம் முடிந்தது.

பெல்ஹெல்விக்கும் செய்தி போனது. 1842-ல் அரசாங்கம் ஃபோர்சைத்துக்கு 200 பவுன் அனுப்பியது. அடுத்த ஜூனில் அவர் இறந்தார். மேலும் 1,000 பவுன் வந்து சேர்ந்தபோது வாங்கிக்கொள்ள உறவினர்கள்தான் இருந்தார்கள். அவர் கண்மூடிய அதே 1843-ல், பம்பாய் அரசின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் கிளார்க், சாஷ்டி தீவில் காடும் உப்பளமுமாகக் கிடந்த ஒரு கிராமத்துக்குப் போனார். பம்பாயிலிருந்து தானே, கல்யாண் வழியாக மலைக்கு ரயில் விட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது. பத்து வருஷத்தில், 1853 ஏப்ரல் 16 அன்று, போரி பந்தரிலிருந்து கிளம்பிய நாட்டின் முதல் பயணிகள் ரயில் அந்தக் கிராமத்தைத் தாண்டித்தான் தானே போனது. கிராமத்தின் பெயர் பாண்டுப். செப்புத் தொப்பிக்கும் அந்த ஊருக்கும் அப்போது ஒரு சம்பந்தமும் இல்லை.

தொப்பித் துப்பாக்கி அதற்குள் எங்கும் போயிருந்தது. இலங்கை நுவரெலியா மலையில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வைத்திருந்த ரைஃபிளை, பிரிஸ்டலில் கிப்ஸ் என்பவரிடம் அவரே அளவு சொல்லிச் செய்து வாங்கினார். எடை ஒன்பதரைக் கிலோ. ஒரு வேட்டுக்கு 28 கிராம் கரிமருந்து. ஆயுசுக்கு ஒரே துப்பாக்கி என்று தேர்ந்தெடுத்தவர்களில் அவ்வளவு முரட்டுத்தனமாகத் தேர்ந்தெடுத்தவர் குறைவு. அது ஆனைக்கு. மரை மானுக்கு அவர் பெரும்பாலும் துப்பாக்கியே எடுக்கவில்லை, வேட்டை நாய்களோடு கத்தியை உருவிக்கொண்டு ஓடினார். 1857-ல் இந்தியாவையே உலுக்கிய என்ஃபீல்டும் இதே தொப்பி ஜாதிதான். அங்கே வினையானது தொப்பி அல்ல, தோட்டாவில் தடவிய கொழுப்பு.

தொப்பியிலும் ஒரு குறை இருந்தது. குளிரில் விறைத்த விரலால், வியர்த்த விரலால், பயத்தில் நடுங்கும் விரலால் அந்தக் கடுகை எடுத்துக் காம்பில் கவிழ்க்க வேண்டும். பாதி கீழே விழும். இதற்கு மருந்து கண்டுபிடித்தவர், விரல் நுணுக்கத்திலேயே பிழைப்பு நடத்தியவர். வாஷிங்டனின் பல் டாக்டர் எட்வர்ட் மேனார்டு.

1845-ல் மேனார்டு காப்புரிமை வாங்கிய யோசனை இது. இரண்டு காகித நாடா, நடுவே வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வெடிப்பொடி. நாடாவைச் சுருட்டித் துப்பாக்கியின் பக்கத்திலுள்ள குழிக்குள் வைத்துவிட வேண்டியது. குதிரையை இழுக்க இழுக்க ஒரு பல்சக்கரம் நாடாவைத் தள்ளும், ஒவ்வொரு பொட்டாகக் காம்பின் தலைக்கு வந்து நிற்கும். ஒரு சுருளுக்கு ஐம்பது பொட்டு. அமெரிக்க ராணுவம் சொக்கிப்போய் 1855-ம் வருஷத்து ரைஃபிளில் அதை ஏற்றியது. நெருப்பை ஒழித்தாயிற்று, தாமதத்தை ஒழித்தாயிற்று, கடைசியில் விரலின் வேலையும் ஒழிந்தது. எல்லாம் கச்சிதம். மேகம் கறுக்கும் வரை.

காகிதம் காகிதம்தானே. மெருகெண்ணெய் பூசியும் ஈரம் இறங்கியது. நாடா நைந்து சிக்கியது, பொட்டு வெடிக்க மறுத்தது. செம்பை விட்டுக் காகிதத்துக்குப் போனவர்கள் கேன்டன் வயலுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். உள்நாட்டுப் போருக்கு வார்த்த 1861-ம் வருஷத்து ரைஃபிளில் நாடாவுக்கு இடமில்லை, பழைய செப்புத் தொப்பியே திரும்பி வந்தது. சில வருஷத்தில் தோட்டாவின் அடியிலேயே எல்லாவற்றையும் அடக்கிப் பின்பக்கமாகப் போடும் துப்பாக்கிகள் வந்து, வாய்வழித் துப்பாக்கியையே மூலையில் சாத்தின. மேனார்டின் சுருள் யாருக்கும் வேண்டாத சரக்கானது. குறி வேண்டாம், குண்டு வேண்டாம், சத்தம் மட்டும் போதும் என்கிற ஒரு பட்டாளம் இருப்பது அப்போதுதான் வியாபாரிகளுக்கு உறைத்தது. அந்தப் பட்டாளத்தின் சராசரி வயது ஏழு, எட்டு.

1865-ல் போர் ஓய்ந்த பிறகு அமெரிக்காவில் வார்ப்பிரும்புப் பொம்மைத் துப்பாக்கிகள் பெருகின. கனெக்டிகட்டில் ஜே. அண்டு இ. ஸ்டீவன்ஸ் போன்ற வார்ப்படக்காரர்கள் அவற்றைக் குவித்தார்கள். பாதரசப் பொடி போய், காகிதத்துக்கு நடுவே குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் வந்தன. ஐரோப்பாவில் அந்தப் பொட்டுகளுக்கு அமார்ஸ் என்று பெயர். பிரெஞ்சில் அதற்குப் பற்றவைக்கும் மருந்து என்றும் பொருள், மீனைப் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் இரை என்றும் பொருள். எந்த இரைக்காகப் பிறந்ததோ அது கைவிட்டுப் போய், பெயரில் மட்டும் இரை ஒட்டிக்கொண்டது.

குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும் பிரிந்தே வாழ வேண்டிய ஜோடி. தீக்குச்சியின் தலையில் ஒன்று, தீப்பெட்டியின் பக்கவாட்டில் மற்றொன்று. சந்திக்கும் கணத்தில் நெருப்பு. இந்த ஜோடியைப் பழக்கும் வித்தையைக் கற்க 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் பிழைப்புத் தேடிய ஊர் அது. திரும்பி வந்து தீப்பெட்டி போட்டார்கள். பிறகு வண்ணத் தீப்பெட்டி, அப்புறம் 1940-களில் பட்டாசுத் தொழில் வேர் பிடித்தது. தீப்பெட்டிக்குப் பழகிய ஊருக்குப் பொட்டு வைக்கத் தெரியாதா? ஒரு விஷயம்தான் தலைகீழ். குளோரேட்டையும் சிவப்புப் பாஸ்பரசையும் காய்ந்த நிலையில் கலந்தால் கை போய்விடும். கூழாக, ஈரமாகக் கலந்து, ஈரமாகவே காகிதத்தில் புள்ளி வைக்க வேண்டும். சிப்பாயின் உயிரை வாங்கிய ஈரம் சிவகாசியில் தொழிலாளியின் உயிரைக் காத்தது. சிவகாசி காய்ந்த ஊராக இருந்தது புள்ளியை உலர்த்த வசதி.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, மான் வேட்டை இந்தியாவில் படிப்படியாக முடிவுக்கு வந்தது. நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகத்தோடு சுவரில் தொங்கியது. அமெரிக்காவிலோ எதிர்த்திசையில் காற்று வீசியது. பென்சில்வேனியாவில் 1974-ல் தொடங்கிய தனிப் பருவத்தில் மான் வேட்டைக்குக் கல் துப்பாக்கிதான் செல்லும் என்று விதி வைத்தார்கள். கல்லா தொப்பியா என்ற இருநூறு வயது வழக்கை அங்கே இன்னும் குளிர்காலந்தோறும் பேசித் தீர்க்கிறார்கள். 1992-ல் இந்திய அரசு, கந்தகத்தோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்த வெடிமருந்துகளுக்குத் தடை போட்டது. எஸோன் உரல் வெடித்து இருநூறு வருஷம் கழித்து வந்த புத்தி. விலக்குகள் விரல்விட்டு எண்ணும் அளவு. ஆராய்ச்சிக்கான சிறு அளவு ஒன்று, தீக்குச்சித் தலை ஒன்று. இன்னொன்று அரசாணை ஆங்கிலத்தில் பழைய பிரெஞ்சுப் பெயரிலேயே எழுதியிருக்கும் பொருள்: பொம்மை அமார்ஸ்.

சிவப்புக் காகிதத்தில், நெற்றிப் பொட்டு அளவில், சின்ன வட்ட டப்பாவில் சுருண்டு வருகிறதே, அதுதான். செப்புத் தொப்பியின் ஆங்கிலப் பெயரையும் விடாமல் ஒட்டவைத்துக்கொண்ட ரோல் கேப். தீபாவளிப் பைக்குள் சரமும் புஸ்வாணமும் வாங்கிய பிறகு, மீதிச் சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர் உள்ளே போடுகிற கேப்பு.

பாண்டுப் மேற்கில், குன்றின் சரிவில் ஏறும், சால் எனப்படும் ஒண்டுக்குடித்தன வீடுகளின் வரிசையில் ஒரு தீபாவளிக்கு முந்தின பகலில் அதைப் பார்த்தேன். மும்பையின் மழை அந்த வருஷம் ஐப்பசி வரை விடவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டி ஒருவர், ஜன்னல் கம்பிக்கு வெளியே எவர்சில்வர் தாம்பாளம் வைத்து, கேப்பு டப்பாக்களைத் திறந்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். பொட்டு நமத்திருக்குடா, வெடிக்காது, காயட்டும் என்று பேரனிடம் சொன்னார். பொட்டு இல்ல ஆச்சி, டிக்லி என்றான் அவன். மராத்தியிலும் டிக்லி என்றால் நெற்றிப் பொட்டுதான். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது இருவருக்கும் தெரியவில்லை.

பாதி காய்வதற்குள் அவனுக்குப் பொறுமை போயிற்று. தகரத் துப்பாக்கியில் சுருளை மாட்டிச் சுட்டான். டிக். மறுபடி டிக். நாலாவதில் நாடா நைந்து பல்சக்கரத்தில் சிக்கியது, ஐந்தாவதில் ஸ்பிரிங் தெறித்தது. வீட்டுக்குப் பின்னால் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் மேடு பச்சையாக ஏறிக்கொண்டிருந்தது. புள்ளிமான்களுக்கு அங்கே ஒரு கவலையும் இல்லை, சிறுத்தையைத் தவிர. பையன் துப்பாக்கியைத் தூர எறிந்தான். தாம்பாளத்தில் நன்றாகக் காய்ந்த ஒரு சுருளை எடுத்து, மடிப்புக் கலையாமல் வாசற்படியில் வைத்தான். சுற்றுமுற்றும் பார்த்து, கைக்கு அடக்கமாக ஒரு கல்லைப் பொறுக்கினான்.